தொழில்: கூலி

போன மாசம் பிரான்சிலிருந்து மகன் போனில் பேசினான். ஊர்க்கதை, பேரன் கதை எல்லாம் முடிந்த பிறகு, "நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்ப்பா. லீவு போட வேண்டியதில்ல, ஆபீசே அனுப்புது" என்றான். எனக்குத் திக்கென்றது.

"ஒடம்புக்கு என்னடா?"

"ஒண்ணும் இல்லப்பா. மெத்சின் தியு த்ரவாய். இங்க வேலைக்குப் போற எல்லாரும் போய்த்தான் ஆகணும்."

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் சொல்லுக்குப் பொருள் தெரிந்தது. 'வேலையின் மருத்துவம்.' ஆனால் அப்படி ஒரு டாக்டர் என்ன செய்வார் என்பது தெரியவில்லை. மறுநாள் சாயந்திரம் நானே போன் போட்டுக் கேட்டேன். அந்த டாக்டர் மாத்திரை எழுதித் தரவில்லையாம். என்ன வேலை, எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாய், கண் வலிக்கிறதா, நாற்காலி எப்படி, தூக்கம் எப்படி என்று அரைமணி நேரம் கேள்வி கேட்டாராம். இவனுக்கு என்ன நோய் என்று முதலாளியிடம் அவர் சொல்லக் கூடாது. 'இந்த ஆள் இந்த வேலைக்குத் தகுந்தவர்' அல்லது 'இவருக்கு வேலையை இப்படி மாற்றிக் கொடுங்கள்' என்று மட்டும்தான் எழுதலாம். அங்கே 1946ல் வந்த சட்டம் இது. யுத்தம் முடிந்து நாடு குப்பைமேடாகக் கிடந்த நேரத்தில் இதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்.

போனை வைத்த பிறகு எனக்கு வேறொரு ஞாபகம் வந்தது. முப்பது வருஷமாக மனசில் கிடக்கிற விஷயம். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் பேசிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும், பொறுத்துக்கொள்வீர்கள்.

இந்த மருத்துவத்துக்கு ஆதிபுருஷன் என்று இத்தாலியில் ஒருவரைச் சொல்கிறார்கள். பேர் பெர்னார்தினோ ரமாஸ்ஸினி. 1633ல் பிறந்தவர், மொதேனா என்ற ஊரில் வைத்தியர். அவர் வீட்டில் ஒருநாள் மலக்குழி சுத்தம் செய்ய ஓர் ஆள் வந்திருக்கிறான். இறங்கியவன் பறந்து பறந்து வேலை செய்கிறான். ஏனப்பா இந்த அவசரம், மெதுவாகச் செய்யக் கூடாதா என்று இவர் கேட்கிறார். நாலு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் இருந்தால் கண் போய்விடும் ஐயா என்கிறான் அவன். மேலே வந்தவனின் கண்ணைப் பார்க்கிறார். சிவந்து மங்கிக் கிடக்கிறது. அப்புறம் ஊரில் அதே வேலை செய்கிறவர்களைத் தேடிப் பார்க்கிறார். பலர் அரைக்குருடாகவோ முழுக்குருடாகவோ இருக்கிறார்கள். இந்தச் சம்பவத்தில் ஆரம்பித்து, குயவர், கொல்லர், சுரங்கக்காரர், சலவைக்காரர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய நோயை ஆராய்ந்து 1700ல் லத்தீனில் ஒரு புத்தகம் போட்டார். ஃபூர்க்ருவா என்ற ரசாயன அறிஞர் 1777ல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். நான் படித்தது அதைத்தான், கம்ப்யூட்டரில்.

நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரட்டஸ் காலத்திலிருந்தே ஒரு வரிசை உண்டு. எங்கே வலி, எத்தனை நாளாக, வெளிக்குப் போகிறதா, என்ன சாப்பிட்டாய். ரமாஸ்ஸினி அதில் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார். உனக்கு என்ன தொழில்? அதைச் சேர்த்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற தொழில்நோய் கிளினிக்குகள் எல்லாம் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன.

எங்களைப் போன்ற குமாஸ்தாக்களையும் அவர் விடவில்லை. 1713ல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைவது, தப்பு வந்துவிடுமோ என்ற மன உளைச்சல், மூன்றும் சேர்ந்து ஆளைக் கெடுக்கும் என்கிறார். ஜமாபந்தி நேரத்தில் எங்கள் அலுவலகத்தை எட்டிப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றியது. முப்பத்தைந்து வருஷம் கழுத்து வலியோடு இருந்த எனக்கு அதுவே ஓர் ஆறுதல்.

கல் தச்சரைப் பற்றியும் இருக்கிறது. கல் உடைக்கும்போது பறக்கிற தூளை மூச்சோடு இழுத்து, இருமி, இளைத்துச் சாகிறார்கள் என்கிறார். அப்படி இறந்த ஒருவரின் நுரையீரலை அறுத்தபோது மணல் குவியலுக்குள் கத்தி போவது போல இருந்தது என்று டீமர்புரூக் என்ற டச்சு வைத்தியர் எழுதியிருப்பதையும் எடுத்துச் சொல்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். காரணம் பின்னால் சொல்கிறேன்.

நம்ம செஞ்சிக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1750ல் புஸ்ஸி கோட்டையைப் பிடித்தார். 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ராஜகிரியில் ஏறிப் பார்த்தவர்கள் பகைவன் எப்படி இதைப் பிடித்தான் என்று வியப்பார்கள். பிடித்தவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பத்து வருஷத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்கே நோயில் செத்தார்கள் என்று ஆங்கிலேயர் எழுதிய பழைய சரித்திரங்களில் இருக்கிறது. கர்நாடகத்திலேயே உடம்புக்கு ஆகாத ஊர் செஞ்சி என்று நமக்குப் பேர். மலை இடுக்கில் தேங்கிய சுனைத் தண்ணீர், கொசு, காய்ச்சல் என்று இன்றைக்கு நாம் ஊகிக்கலாம். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்ததே 1897ல்தானே. அந்தச் சிப்பாய்களுக்குக் கோட்டைக் காவல்தான் தொழில், அந்தத் தொழில் செய்த இடம்தான் நோய். 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் நம் கோட்டை சேர்ந்த பிறகு வருகிற கூட்டத்துக்கு வழிகாட்டிகள் இந்தக் கதையையும் சொன்னால் தேவலை.

அது வெள்ளைக்காரன் கணக்கு. நம் ஜனங்களின் கணக்குக்குக் கோலார் தங்கவயலுக்குப் போகவேண்டும்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்ட ஆரம்பித்தது. குடும்பம் குடும்பமாகப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், வட ஆற்காடு, சேலம் பக்கத்துக்காரர்கள், அதிலும் ஊரில் நிலமும் மரியாதையும் இல்லாத ஜனங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிப் போனது. தங்கம் இருக்கிற பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற படிகக்கல். அதை மெஷின் வைத்துத் துளைத்தால் கிளம்புகிற தூளில் கண்ணுக்குத் தெரிவது ஆபத்து குறைவு. அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத பொடிதான் நுரையீரலின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும், முடியாது. அந்த இடம் தழும்பாகி இறுகும். பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் மேடேறினால் மூச்சு வாங்கும், பிறகு சமதரையில், கடைசியில் படுத்தபடியே. இதற்குப் பேர் சிலிகோசிஸ். அன்றைக்கும் மருந்து இல்லை, இன்றைக்கும் இல்லை.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அறிக்கையாக வெளிவந்தது கோலாரிலிருந்துதான், 1947ல். 7,653 தொழிலாளரைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. அதுவரைக்கும் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? 'சயரோகம்', 'பலவீனம்', 'குடி'. ஆளைப் பார்த்தார்களே தவிர அவன் கையில் இருந்த துளை மெஷினைப் பார்க்கவில்லை. துளைக்கும்போதே தண்ணீர் விட்டால் தூள் அடங்கும் என்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆனால் தூளில்தான் நோய் என்று முதலில் யாராவது எழுதி வைத்தால்தானே தண்ணீர் விடச் சொல்ல முடியும்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஈய விஷம், பாதரச விஷம், சிலிகோசிஸ் எல்லாம் அதில் இருந்தன. தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவருக்கு இதில் ஒன்று இருப்பதாகக் கண்டால், எந்த டாக்டரானாலும் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதே வருஷம் ஈ.எஸ்.ஐ. சட்டமும் வந்தது. 1952 பிப்ரவரி 24ல் கான்பூரில் நேரு அதைத் தொடங்கி வைத்தார். நம் மாநிலத்துக்கு 1955ல் வந்தது. 1966ல் அகமதாபாத்தில் தொழில்நோய் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. நாம் சின்ன வயதில் சிலேட்டில் எழுதினோமே பலப்பம், அதை மத்தியப் பிரதேசம் மந்த்சோரில் அறுத்துக்கொண்டிருந்தவர்களை இந்த நிலையத்தார் போய்ப் பரிசோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு சிலிகோசிஸ். 'அ' எழுதிப் பழகிய குச்சிக்குப் பின்னால் இது இருந்தது என்று எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சென்னை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் தென்மண்டலத்துக்கான தொழில்நோய் மையம் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் என்ன செய்வார்கள் என்று கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் கேள்விதான். எந்த வயதில் வேலைக்குப் போனாய், அதற்கப்புறம் வரிசையாக என்னென்ன வேலை, என்ன கருவி, மூடிய இடமா திறந்த வெளியா, கூட வேலை செய்கிறவர்களுக்கும் இருமல் உண்டா, லீவு நாளில் குறைகிறதா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியமாம். திங்கட்கிழமை கூடி ஞாயிற்றுக்கிழமை குறைகிற நோய் வீட்டிலிருந்து வந்ததில்லை. அப்புறம் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவை எடுப்பார்கள். மார்புப் படம் எடுத்து, ஜெனீவா தொழிலாளர் அமைப்பு தந்திருக்கிற மாதிரிப் படங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். மெஷின் சத்தத்தில் இருந்தவருக்குக் காது, பேட்டரிக் கடைக்காரருக்கு ரத்தத்தில் ஈயம், பூச்சிமருந்து அடிக்கிறவருக்கு அதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை. நம்ம பக்கம் மணிலாவுக்கும் நெல்லுக்கும் மருந்து அடித்துவிட்டு மயங்கி விழுகிறவரை 'வெயில் தாங்கல' என்று மோர் கொடுத்து உட்கார வைக்கிறோமே, அவருக்குத் தேவையானது இதுதான். வேலைக்கே போகாத பெண்களையும் சும்மா விடமாட்டார்கள், எந்த அடுப்பு என்று கேட்பார்கள். பீடி தொடாத பாட்டிக்கு மூச்சிளைப்பு வந்தால் விறகுப் புகையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எல்லாம் முடிந்து அவர்கள் தருகிற பெரிய பொருள் மருந்துச் சீட்டு இல்லை, சர்டிபிகேட். இந்த நோய் இந்த வேலையால் வந்தது என்ற ஒரு வரி. நஷ்டஈடு, ஊனத்தொகை, வேலை மாற்றம் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

தென் ஆற்காடு பிரிந்து 1993ல் விழுப்புரம் மாவட்டம் உருவானதே, அதற்குச் சில வருஷம் கழித்து. நான் உதவியாளராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். உதவித்தொகை மனுக்கள் என் மேஜைக்கு வரும். ஒருநாள் ஓர் ஆள் வந்தார். ஐம்பது வயதுகூட இருக்காது, பார்க்க எழுபது. ஆட்டுக்கல், அம்மி, உரல் கொத்துகிறவர். எங்கள் தெருவிலேயே அவர் குரல் கேட்டிருக்கிறேன், என் மனைவி அம்மி கொத்திக்கொண்டது அவரிடம்தான். இரண்டு படி ஏறி வந்ததற்கே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஒரு கட்டு. டி.பி. மாத்திரை மூன்று தவணை சாப்பிட்டிருக்கிறார். சளியில் கிருமி இல்லை என்று ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது. இருந்தாலும் மறுபடி அதே மாத்திரை.

மனுவை நானே எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வழக்கம், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெயர், தகப்பனார் பெயர், வயது. தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதினேன். எழுத்துக்கூட்டிப் பார்த்தாரோ, கை அசைவை வைத்துக் கண்டுபிடித்தாரோ, கேட்டார்.

"இன்னா சார் எழுதினீங்க அங்க?"

"கூலின்னு."

"கூலி இல்லீங்க சார். கல்லு கொத்தறவன். எங்கப்பா காலத்துலேர்ந்து."

"ரெண்டும் ஒண்ணுதான்யா" என்றேன். பின்னால் இன்னும் எட்டுப் பேர் நின்றார்கள்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உதவித்தொகை வந்தது, ஒன்றரை வருஷம் வாங்கினார், இறந்துபோனார். இறப்புப் பதிவிலும் கூலி என்றுதான் போட்டிருந்தது.

நான் டாக்டர் இல்லை. அவருக்கு இருந்தது சிலிகோசிஸ்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை, அந்த நிலையில் யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. அவர் ஈ.எஸ்.ஐ.யிலும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து கொத்துகிறவருக்குத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தாது. ஆனால் செஞ்சிக் கருங்கல்லிலும் குவார்ட்ஸ் கணிசமாக இருக்கிறது. அப்பா வழியாகப் பத்து வயதில் உளி பிடித்தவர் அவர். நான் அந்தக் கட்டத்தில் 'கருங்கல் கொத்துதல், 38 வருடம்' என்று எழுதியிருந்தால் அந்தக் காகிதம் போன இடங்களில் யாராவது ஒரு டாக்டர் நிமிர்ந்து பார்த்திருப்பாரோ என்னவோ. அந்த வாய்ப்பைக்கூட நான் விடவில்லை. அவர் சரியாகச் சொன்னார், நான் திருத்தினேன்.

புதுச்சேரியில் என் தாத்தாவின் கல்யாணப் பதிவு என்னிடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் எழுதிய ஏடு. பெயருக்குப் பக்கத்தில் 'தீஸ்ரான்' என்று இருக்கும், நெசவாளர் என்று பொருள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் கொத்தனார், ஒருவர் மாலுமி. அதனால் பிரெஞ்சுக்காரன் உத்தமன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1936 ஜூலை 30ல் அதே புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றவர்களும் அவர்களே. அதற்கப்புறம்தான் எட்டுமணி நேர வேலை கிடைத்தது. ஏட்டில் தொழிலைச் சரியாக எழுதினான் என்பது மட்டும்தான் நான் சொல்வது. அந்த ஏட்டைப் படித்து வளர்ந்த நான் இங்கே வந்து நாற்பது விதமான தொழிலை ஒரே வார்த்தையில் அடைத்தேன். கல் உடைத்தவர், செங்கல் சூளைக்காரர், அரிசி மில்லில் தவிடு தள்ளியவர், கிணறு வெட்டியவர் எல்லாரும் என் பேரேட்டில் கூலி.

ராஜஸ்தானில் 2019ல் சிலிகோசிஸுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். டாக்டர்கள் குழு சான்று கொடுத்தால் நோயாளிக்கு மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். சிற்பம் செதுக்குகிறவருக்கும் உண்டு. நம் மாநிலத்தில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994லிருந்து இருக்கிறது, கல் உடைப்பவர்களும் அதில் பதிந்துகொள்ளலாம். படிக்கிறவர்கள் வீட்டுப் பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பதியும்போது தொழிலை முழுசாக எழுதச் சொல்லுங்கள்.

பத்து நாளைக்கு முன் டீக்கடையில் ஒரு பையன் இருமிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. அந்தக் கல் கொத்துகிறவரின் பேரன். இப்போது உளி யார் பிடிக்கிறார்கள், கட்டிங் மிஷின்தான். தாத்தா ஒரு நாள் முழுக்கக் கிளப்பிய தூளை இது கொஞ்ச நேரத்தில் கிளப்பிவிடும், அதுவும் மாவு மாதிரி. முகத்துக்கு ஒரு கர்ச்சீப். அது எதையும் தடுக்காது. "எத்தனை நாளா இருமல்?" என்றேன். "அது இருக்கும் தாத்தா, தூசி" என்றான்.

மறுநாள் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி. சீட்டில் பெயர், வயது மட்டும்தான் இருந்தது. கீழே இருந்த வெற்றிடத்தில் என் கையெழுத்தில் எழுதினேன்: 'கருங்கல் அறுக்கும் மிஷின், 7 வருடம், தினம் 8 மணி நேரம். தாத்தாவும் கல் கொத்தியவர், மூச்சிரைப்பில் இறந்தார்.' கூட்டம் நிறைய இருந்தது. சின்னப் பெண் டாக்டர். சீட்டைப் பார்த்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"தண்ணி விட்டு அறுக்கிறீங்களா, சும்மாவே அறுக்கிறீங்களா?"

எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். படம் வெள்ளிக்கிழமை வரும். நானும் கூடப் போகிறேன்.